துருத்தியாரின் ஒரே மூச்சு

அந்தக் காய்கறிச் சந்தையில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத சட்டம், அதனாலேயே யாராலும் அழிக்க முடியாத சட்டம். ஏலம் விடுகிறவன் கடைசி விலை விழுந்ததும் குவியல் நம்பர், சரக்கு யாருடையது, எத்தனை மூட்டை, என்ன விலை, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் முடிச்சு அவிழ்ந்தது. எவன் வேண்டுமானாலும் மறுபடி விலை ஏற்றலாம்.

முன்பொரு காலத்தில் ‘ரெண்டு தரம்’ சொல்லிவிட்டுத் தனக்கு வேண்டப்பட்டவன் டீ குடித்து முடித்து வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஏலக்காரர்களால் வந்த சட்டம் அது. திருடனுக்குப் போட்ட பூட்டு யோக்கியனையும் வெளியே நிறுத்தியது.

அந்தப் பூட்டை முப்பத்தோரு வருஷம் தன் மூச்சாலேயே திறந்து வந்தவர் துருத்தியார். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று வாயைத் திறந்தால், சந்தையின் கடைசி வாசலில் கட்டியிருக்கும் கழுதை காதை மடக்கிக்கொள்ளும். கொல்லன் பட்டறைத் துருத்தி போல மூச்சு என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. முகத்துக்கு நேரே துருத்தியார். முதுகுக்குப் பின்னால் பானை.

பானை என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. மனிதரின் தொப்பை அவருக்கு அரை அடி முன்னால் சந்தைக்குள் நுழையும். அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, மரியாதைதான். ஏலக்காரனுக்கு மூச்சு வயிற்றில்தான் தேங்கி நிற்கிறது என்பது அந்தச் சந்தையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தொப்பை இல்லாத ஏலக்காரனும் தண்ணீர் இல்லாத குடமும் ஒன்று. முப்பத்தைந்து வயதில் பெட்டி ஏறியபோது துருத்தியார் ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தார். இந்த வயிற்றுக்கு இருபது குவியல் தாங்காது என்று நாலு பேர் சொன்ன அன்றே வீட்டில் தட்டை ஒதுக்கிவிட்டு பேசினில் சோறு போடச் சொன்னார். ஈய பேசின், குழந்தையைக் குளிப்பாட்டலாம். வருஷத்துக்கு ஒரு ஓட்டை வீதம் பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். வயிறு வளர்ந்தது, பேரும் வளர்ந்தது.

அறுபத்தாறாவது வயதில் ஒரு நாள், உருளைக்கிழங்கு ஏலத்தில், பதினேழாவது குவியலில் அது நடந்தது.

“பதினேழாம் குவியல், மேட்டுக்காட்டுக்காரர் சரக்கு, நாப்பத்திரெண்டு மூட்ட, மூட்ட முந்நூத்திப்பத்து, ஒரு தரம், ரெண்டு தரம், மூ…”

ஒரு சின்ன விசும்பல் போல மூச்சு உள்ளே போனது. அவ்வளவுதான். எதிரே நின்ற மொட்டை வியாபாரி, முப்பத்தோரு வருஷமாக இதற்காகவே காத்திருந்தவன் போல, ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்க விரலைத் தூக்கினான்.

“ஒண்ணு கூட!”

சந்தை திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிரித்தது.

முதலில் அது சளி என்றார்கள். அப்புறம் தூசி என்றார்கள். மூன்றாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை, எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது குவியலில் ஏழு உடைந்தது, அடுத்த வாரம் பதினொன்று. வியாபாரிகள் முதலில் விலையே கேட்பதில்லை. எப்படியும் துருத்தி கிழியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கட்டி நின்றார்கள். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிற ஏலம் உச்சிப்பொழுது வரை இழுத்தது. தக்காளி கூடைக்குள்ளேயே வியர்த்தது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். மூட்டை தூக்குகிறவர்கள் வெளிப்படையாகவே திட்டினார்கள்.

துருத்தியாருக்குக் காரணம் ஒன்றுதான் தோன்றியது. வயிறு வற்றிவிட்டது. அதனால் பேசினில் இன்னும் இரண்டு கரண்டி கூட்டிப் போட்டுக்கொண்டார். மூச்சு குறையக் குறையச் சோறு ஏறியது, சோறு ஏற ஏற மூச்சு குறைந்தது. அந்தச் சந்தைக்காரன் தவிர வேறு யாரும் இப்படித் தீயை எண்ணெய் ஊற்றி அணைத்திருக்க மாட்டான்.

தொப்பைக்குக் கீழே நடந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, தொப்பை மறைத்தது. கால் இரண்டும் வேட்டிக்குள் துடைப்பக்கட்டை போல ஆகியிருந்தன. பெட்டியிலிருந்து இறங்க ஒரு தோள் வேண்டியிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகத் தெரியாதவர் போல மனைவியிடம் நீட்டுவார். அவள் ஒரு திருகில் திறந்து, அவரைப் பார்க்காமலே மேஜையில் டொக்கென்று வைப்பாள்.

ஏலம் நடத்தும் மண்டியின் முதலாளி மண்டிக்காரம்மா ஒரு திங்கட்கிழமை அவரை உள்ளே கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“துருத்தியாரே, இது ஏலமா இழவு வீடா? ஒவ்வொரு குவியலுக்கும் மூச்சு போயிட்டு போயிட்டு வருது.”

“ரெண்டு வாரம் குடுங்கம்மா. வயித்த சரி பண்ணிடுறேன்.”

“ஆறு வாரம் தரேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆறாவது சனிக்கிழம மொத்த ஏலத்தையும் ஒரு உடைசல் இல்லாம முடிச்சா பெட்டி உங்களுது. ஒண்ணே ஒண்ணு உடைஞ்சாலும் உங்க மச்சினன் ஏறுவாரு.”

கதவோரம் சீட்டுக் கட்டோடு நின்றிருந்தான் மச்சினன். மனைவியின் தம்பி. அதே மண்டியில் குவியலுக்குக் குவியல் சீட்டு எழுதுகிறவன். வயது ஐம்பத்தெட்டு, உடம்பு ஊதுவத்தி, குரல் எண்ணெய் போடாத கதவு. அவன் சிரிக்கவில்லை. ஆனால் சீட்டுக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். துருத்தியாருக்கு அது போதும்.

ஆஸ்பத்திரியில் மாடி அறை ஒன்றில் அவரை விட்டார்கள். அங்கே மூச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு தையற்காரி மாதிரி நின்றாள். துருத்தியார் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். துளி வயிறு இல்லை. இவளா மூச்சுக்கு வைத்தியம் பண்ணப் போகிறவள் என்று மனசுக்குள் டேப்பம்மா என்று பேர் வைத்து ஓரமாகத் தள்ளினார்.

அவள் டேப்பை வயிற்றைச் சுற்றிப் போட்டாள். “நூத்திப் பதினாலு.”

“நல்லா இறுக்காம அளங்க. நூத்திப் பதினெட்டு இருந்துது,” என்றார் அவர், பெருமையோடு.

அவள் கைப்பலம் அளக்கும் பிடி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். முழு பலத்தோடு அமுக்கச் சொன்னாள். முள் கொஞ்சம் எழுந்து பார்த்து, யாரும் கவனிக்கவில்லை என்று தூங்கப் போய்விட்டது.

“மிசின் கெட்டுப்போச்சு,” என்றார்.

அவள் வாங்கித் தன் கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள். முள் பாதித் தூரம் ஓடியது. “எனக்கு நல்லா இருக்கே.”

நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். மூன்றாவது தடவையில் நாற்காலி அவரைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டது. கடைசியாக மூக்கில் கிளிப்பை மாட்டி, மூச்சை உள்ளிழுக்கும் பலத்தை அளக்கும் ஒரு குழலை வாயில் வைத்தாள்.

“உள்ள இழுங்க. கெட்டி ஜூச ஸ்ட்ரால உறிஞ்சுற மாதிரி. இழுங்க, இழுங்க, விடாதீங்க…”

அவர் கண் பிதுங்க இழுத்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது.

“நாப்பத்தொண்ணு. உங்க வயசு ஆம்பளைக்கு எழுபது எண்பது வரணும்.”

“நான் வெளிய விடுறவன்மா. உள்ள இழுக்கிறத வச்சு என்ன கணக்கு?”

“உள்ள வராதது வெளிய எப்படிப் போகும்? பையில இல்லாதத எடுத்துக் குடுப்பீங்களா?”

துருத்தியாருக்குக் கோபம் வந்தது. “மூச்சு தேங்குறதுக்குத்தான் வயித்த வளர்த்து வச்சிருக்கேன். முப்பத்தோரு வருஷம் இந்தப் பானைதான் கத்துச்சு.”

அவள் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பானை கத்தல பெரியவரே. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல விரிச்ச குடை மாதிரி ஒரு தசை இருக்கு. அதுதான் கத்துச்சு. நீங்க மூச்சு இழுக்கறப்ப அது கீழ எறங்கணும். எங்க எறங்கும்? கீழதான் குடோன் கணக்கா அடுக்கி வச்சிருக்கீங்களே. கைகால் எளச்ச மாதிரி அதுவும் எளச்சுப்போச்சு. எளச்சவன் தலையில பெரிய மூட்டை. இதுல ஒண்ணு மட்டும் இருந்தா சமாளிக்கலாம். உங்ககிட்ட வயிறு, கைகால், குடைன்னு மூணும் கூட்டாளி சேந்திருக்கு.”

“உன் வயசு என் மகன் வயசு கூட இல்ல.”

“வயச வச்சு மூச்சு விடமுடியாதுங்க,” என்று சொல்லி, மூக்குக் கிளிப்போடு கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் குழலை நீட்டினாள். உள்ளே ஸ்பிரிங். இழுத்தால் எதிர்த்து நிற்கும். காலையில் முப்பது இழுப்பு, சாயங்காலம் முப்பது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நடை. சோறு பாதி, முட்டையும் பயறும் கூட. “செய்யலேன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல,” என்று கதவைக் காட்டினாள்.

அவர் செய்ததற்குக் காரணம் அவள் சொன்னது புரிந்ததல்ல. அவள் அலட்சியத்தைத் தாங்க முடியவில்லை.

வீட்டில் பாதிச் சோறு என்றதும் மனைவி கரண்டியை வைத்துவிட்டாள்.

“முப்பது வருஷம் பேசின் தேச்சு என் கை தேஞ்சுது. இப்ப எவளோ ஒருத்தி டேப்ப போட்டதும் என் சோறு வெஷமாயிடுச்சு.”

“வெஷம்னு சொன்னேனா? பாதின்னு சொன்னேன்.”

“வயித்த எறக்கிட்டு எதுல கத்துவீங்க? தம்பி சொன்னது சரிதான். ஒழுங்கா எறங்கிக்குங்க. அவனுக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு.”

“ஓ, அக்காவும் தம்பியும் பேசியே முடிச்சாச்சா?”

“பேச என்ன இருக்கு? சந்தைக்கே கேக்குது உங்க மூச்சு.”

அன்றிலிருந்து அவரே முட்டையை வேகவைத்துக்கொண்டார். ஒரே அடுப்பில் இரண்டு சமையல், இரண்டு முதுகு.

பயிற்சிக்குச் சாக்கு அடுக்கும் அறையைத் தேர்ந்தெடுத்தார். ஏலம் முடிந்ததும் உள்ளே போய்த் தாழிட்டு, மூக்கில் கிளிப்பைப் போட்டுக்கொண்டு குழலை இழுப்பார். முதல் வாரம் பத்து இழுப்பில் தலை சுற்றிச் சாக்கு மேல் சாய்ந்தார். இரண்டாம் வாரம் இருபது. பழைய தராசு வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுவார். ஒவ்வொரு எழுகைக்கும் ஒரு வசவு. ஒன்று மொட்டைக்கு, ஒன்று மச்சினனுக்கு, ஒன்று டேப்பம்மாவுக்கு. வசவு தீர்ந்தால் எழுகையும் நிற்கும் என்பதால் புதுப்புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். நாலாம் வாரத்தில் தன் பள்ளிக்கூட வாத்தியார் வரை வந்துவிட்டார்.

தாழ்ப்பாள் இருந்தது, ஜன்னல் பலகையில் விரிசலும் இருந்தது. மச்சினன் அந்த விரிசலில் கண்ணை வைத்தான். கண்டது மூக்குக் கிளிப், வாயில் குழல், சிவந்த முகம். மறுநாள் காலை ஏலப் பெட்டியருகே வந்தபோது மூட்டை தூக்குகிறவன் ஒருவன் பணிவாகக் கேட்டான்.

“அண்ணே, சிலிண்டர எங்க மறச்சு வச்சிருக்கீங்க?”

“எந்த சிலிண்டர்?”

“ஆக்சிஜன்ணே. எங்களுக்கு எல்லாம் தெரியும். பயப்படாதீங்க.”

மொட்டை குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “மெதுவா பேசுங்கடா. பைப் கழண்டுக்கப் போகுது.”

மதியத்துக்குள் துருத்தியாருக்கு ஒரு நுரையீரல்தான் மிச்சம் என்றும், சாயங்காலத்துக்குள் அதுவும் பாதிதான் என்றும் சந்தை முடிவு செய்தது. சீட்டு எழுதுகிற இடத்துக்கே போய் நின்றார் அவர்.

“ஏண்டா மாப்ள, எட்டிப் பாத்தியே, எண்ணிப் பாத்தியா? முப்பது இழுப்பு. உன்னால முடியுமா?”

“எனக்கு எதுக்கு மாமா? எனக்கு மூச்சு தானா வருது.”

அந்த வாரம் டேப்பம்மாவின் குழல் ஐம்பத்தாறு காட்டியது. “ம்” என்றாள். அவளிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அது. வயிறு நாலு விரல் இறங்கியிருந்தது. பெட்டியிலிருந்து தோள் இல்லாமல் இறங்கினார். அதற்கடுத்த வாரம் உடைந்தது மூன்று குவியல். ஆறாவது வாரம் வெள்ளி வரை ஒன்றுமில்லை. மொட்டை தூக்கிய விரலைத் தூக்கியபடியே வைத்திருந்து, கடைசியில் அதால் காதைக் குடைந்துகொண்டான்.

சனிக்கிழமை நாற்பது குவியல். மண்டிக்காரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். துருத்தியார் வெங்காயத்தை முடித்தார், கிழங்கை முடித்தார், முட்டைக்கோஸை முடித்தார். ஒவ்வொரு மூணு தரத்தையும் ஆணி அடிக்கிற மாதிரி அடித்தார். முப்பத்தெட்டு முடிந்தபோது லாரிக்காரனே இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

முப்பத்தொன்பதாவது சீட்டை மச்சினன் நீட்டினான். வழக்கமாக ஒரு வரி இருக்கும். இதில் மேலிருந்து கீழே எழுதியிருந்தது. மூன்று வீட்டார் கொண்டுவந்த தக்காளியை ஒரே குவியலாகப் போட்டிருந்தான். சீட்டில் உள்ளதை முழுசாகச் சொல்லியாக வேண்டும், அதுவும் சட்டம்.

துருத்தியார் அவனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

கடைசி விலை விழுந்தது. குடை இறங்கும் அளவுக்கு இழுத்துக்கொண்டு தொடங்கினார்.

“முப்பத்தொம்பதாம் குவியல், ஆத்தங்கர அண்ணந்தம்பி ரெண்டு பேரு சரக்கு, கெணத்தடி வீட்டு மூத்த மருமகன் சரக்கு, பழைய டிராக்டர்காரரோட ரெண்டாவது சம்சாரம் சரக்கு, பதினாறும் பதினொண்ணும் ஒம்பதும் ஆக முப்பத்தாறு கூட தக்காளி, கூட நூத்தி அறுவத்தஞ்சு, ஒரு தரம், ரெண்டு தரம்…”

விலாவுக்குக் கீழே ஏதோ நடுங்கியது. கண்ணுக்குள் மின்மினி பறந்தது. ‘மூணு’ வந்துவிட்டது. ‘தரம்’ வருவதற்குள் காற்று தானாக உள்ளே நுழைந்துகொண்டது.

மொட்டை உடனே கேட்கவில்லை. அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தக்காளி நல்ல தக்காளி.

“ஒண்ணு கூட.”

துருத்தியார் சீட்டை மண்டிக்காரம்மாவிடம் நீட்டினார். “இது சீட்டா, கல்யாணப் பத்திரிகையா?”

அவள் படித்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்தது. சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “எழுதினது தப்புத்தான். உடைஞ்சது உடைஞ்சதுதான். திங்கக்கிழமையிலேர்ந்து அவரு ஏறட்டும்.”

அவர் யார் தோளையும் தொடாமல் இறங்கினார். பார்க்கத்தான் ஆளில்லை. எல்லோரும் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மச்சினன் பெட்டி ஏறினான். மூச்சு உடையவில்லை. குரல்தான் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. “பெட்டி மேல கொசு உக்காந்திருக்குடா” என்றான் ஒருவன். “வயிறு இல்லாதவன ஏத்தினா இப்படித்தான்” என்றான் இன்னொருவன். அந்தச் சந்தையில் அந்த வார்த்தைக்கு மருந்து ஒன்றுதான்.

அந்த வாரமே அவன் அக்கா வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, அந்தப் பேசின் சும்மாதானே கெடக்கு?”

அவள் முகம் ஆறு வாரத்துக்கு அப்புறம் மலர்ந்தது. பேசினைக் கழுவி எடுத்தாள். மலை போலச் சோறு ஏறியது. துருத்தியார் எதிரே இரண்டு முட்டையோடும் ஒரு கிண்ணம் பயறோடும் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் குழல் உறுத்தியது. குடை, மூட்டை, குடோன், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. சொல்வதற்காக மூச்சைக்கூட இழுத்துவிட்டார். அப்போது அந்தக் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது.

இழுத்த மூச்சை மெல்ல மூக்கு வழியாக விட்டார்.

“இன்னும் ரெண்டு கரண்டி போடு அவனுக்கு,” என்றார் மனைவியிடம்.

மச்சினன் நெகிழ்ந்துபோனான். “மாமா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

“என் மனசுல என்னடா இருக்கு மாப்ள? எல்லாத்தையும் உன் வயித்துலதான் வைக்கிறேன். சாப்பிடு.”

அன்றிலிருந்து வாரம் தவறாமல் பரிமாறும்போது பக்கத்தில் இருந்தார். மனைவியே ஆச்சரியப்பட்டாள். தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். முப்பது இழுப்பையும் அவர் விடவில்லை. வேறு வேலையில்லை, விரோதம் இருந்தது.

நாலு மாதம் கழித்து மொட்டை அவரைத் தெருமுனையில் நிறுத்தினான்.

“மூச்சு எங்க உடையும்னு உங்களுக்குத்தான் தெரியும். என் பக்கத்துல வந்து நில்லுங்க. விலை கேக்குற வேலை. சம்பளம் தரேன்.”

“உன்கிட்டயா?”

“என்கிட்டதான். பிடிக்கலன்னா திட்டிக்கிட்டே நில்லுங்க.”

திட்டிக்கொண்டே நின்றார். நடந்தே சந்தைக்கு வந்து, பெட்டிக்கு நேர் எதிரே நின்று, ஒன்றரை வருஷம் கேட்டார். மச்சினனின் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் நாலாவது திணறியது. அப்புறம் ஐந்தாவது காணாமல் போனது. சந்தை அவனைப் பாராட்டியது. “இப்பத்தான் ஏலக்காரன் மாதிரி இருக்காரு.” பெட்டி ஏறும்போது முழங்காலில் கையை ஊன்றுகிறான். ‘ரெண்டு தரம்’ சொல்லும்போது தோள் லேசாக மேலே எழும்புகிறது. வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை.

ஒரு வெங்காயக் குவியல். சாதாரணச் சீட்டு, ஒரே வரி.

“இருவத்திரெண்டாம் குவியல், களத்துமேட்டுக்காரர் சரக்கு, அம்பது மூட்ட, மூட்ட நானூறு, ஒரு தரம், ரெண்டு தரம், மூ…”

விசும்பல் போல ஒரு மூச்சு. அது முழுசாக உள்ளே போவதற்கு முன்னாலேயே எதிரே இருந்து சத்தம் கிளம்பிவிட்டது.

“ஒண்ணு கூட!”

கடைசி வாசலில் கழுதை காதை மடக்கியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெட்டி மேல் நின்றவன் கீழே பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான், மாமாவின் சப்பை வயிற்றைப் பார்த்தான், பிறகு தன்னுடையதைப் பார்த்தான். ஏதோ புரிந்த மாதிரி வாய் திறந்தது. பேசக் காற்று இல்லை.

அன்று ஏலம் முடிந்து இறங்குவதற்கு அவன் கை ஒரு தோளைத் தேடியது. மிகப் பக்கத்தில் இருந்தது துருத்தியாரின் தோள்தான்.

அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.